இது உள்குத்து இல்ல, வடக்குத்து!

பதிவுலகத்துல உள்குத்து, வெளிகுத்துன்னு நிறைய பார்த்திருப்பீங்க மக்களே. இது வடக்குத்து. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளிய, ஒட்டினாப்புல இருக்குற எங்க ஊரு. பேரு அப்படி இருந்தாலும் ஊரு சாதுதான் :-) ஆனா பதிவு கொஞ்சம் குத்தும். யாரைன்னா, மருந்துக்கடைக்காரங்க கடையடைப்பு நடத்துற அன்னிக்கு மட்டும் ஆதரவு அறிக்கை விட்டுட்டு, மறுநாள் வேற அறிக்கைக்குத் தாவிடுற நம்ம தலைவர்களை. கட்சி பேதமெல்லாம் கெடையாது. எல்லாரையும்தான்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. சின்ன மெடிக்கல் கடைக்கு வேண்டியது ஆதரவு இல்ல, கூலி. கடையில நின்னு பாக்குற வேலைக்கு நம்ம நாட்டுல தனியா காசே கெடையாது. மாத்திரை விலையில ஒரு பங்கு, அவ்வளவுதான் வருமானம். அந்தப் பங்கை ஆப் கம்பெனிக்காரன் தள்ளுபடின்னு தூக்கி வாடிக்கையாளர்கிட்ட குடுத்துடுறான். இந்த எடத்தைத் தொடாத எந்த ஆதரவும் ஜல்லியடிதான்.

பொட்டி தட்டுறவன்கிறதால கணக்குலேர்ந்து ஆரம்பிக்கிறேன். கணக்கு பிடிக்காதவங்க அடுத்த ரெண்டு பத்தியைத் தாண்டிக்கலாம், ஆனா தாண்டிட்டு வந்து என்கிட்ட சண்டை போடக்கூடாது.

2013-ம் வருஷத்து மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, உச்சவிலை வைக்கிற அத்தியாவசிய மருந்துகள்ல சில்லறைக் கடைக்கு 16% லாபம். கவனிங்க, எம்ஆர்பியில 16% இல்ல. கடைக்காரர் வாங்குற விலைக்கு மேல 16%. அப்படின்னா எம்ஆர்பி 100 ரூபாய் போட்ட அட்டையை அவர் சுமார் 86 ரூபாய் 20 காசுக்கு வாங்குறார். மத்த மருந்துகளுக்கு வழக்கமா 20%. அது சட்டம் இல்ல, வியாபார வழக்கம். இப்ப ஆப்பைத் திறங்க. 20% தள்ளுபடி, 25% தள்ளுபடின்னு கண்ணை அடிக்கும். எங்க ஊர்க் கடைக்காரர் மொத்த வியாபாரிகிட்ட வாங்குறதே 86 ரூபாய்க்கு. ஆப்புல விக்கிறது 80 ரூபாய்க்கு! இதுல போட்டி எங்க இருக்கு? நூறு மீட்டர் ஓட்டத்துல ஒருத்தனை நூத்தியிருபது மீட்டர் ஓட வைக்கிற மாதிரி.

எம்ஆர்பி மதிப்புல மாசம் 3 லட்சத்துக்கு விக்கிற ஒரு கடைன்னு வச்சுக்குங்க. லாபம் கலந்து கட்டி 17%ன்னு போட்டா 51,000 ரூபாய். ஆப்பைக் காட்டி ஆளுங்க கேக்குறாங்களேன்னு 10% தள்ளுபடி குடுத்தா அதுல 30,000 போச்சு. மிச்சம் 21,000. வாடகை, கரண்டு பில்லு, ராவும் பகலும் ஓடுற ஃபிரிட்ஜ் (இன்சுலினை 2-லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வச்சாகணும்), பார்மசிஸ்ட் சம்பளம், காலாவதியாகி கம்பெனி திருப்பி எடுக்காத அட்டைங்க, மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பாக்கி, எல்லாம் இந்த 21,000-க்குள்ள. நான் கணக்கைப் பெருக்கிச் சொல்லல. நீங்க வாடகைக்கு ஒரு தொகை, பார்மசிஸ்டுக்கு ஒரு தொகை போட்டுப் பாருங்க. பார்மசிஸ்டே முதலாளியா இருந்தா மட்டும்தான் கடை நிக்கும், அதுவும் அவர் தனக்குச் சம்பளம் எடுத்துக்கலைன்னா.

அப்ப ஆப்காரனுக்கு எப்படிக் கட்டுப்படியாகுது? கட்டுப்படியாகல, அதுதான் விஷயம். ஃபார்ம்ஈஸியோட தாய்க் கம்பெனி 2022-23 நிதியாண்டுல காட்டின நஷ்டம் 5,200 கோடி ரூபாய்க்கு மேல. (அதுல பெரிய பங்கு, வாங்கின கம்பெனிகளோட மதிப்பைக் குறைச்சு எழுதினது. ஆனாலும்தான்.) 2020 ஆகஸ்ட்ல ரிலையன்ஸ் 620 கோடி குடுத்து நெட்மெட்ஸ் தாய்க் கம்பெனியில 60% பங்கை வாங்குச்சு. 2021-ல டாடா, 1எம்ஜியை எடுத்துக்கிச்சு. நஷ்டத்தை வருஷக்கணக்கா தாங்குறதுக்கு அவங்க பின்னாடி ஆள் இருக்கு. எங்க ஊர்க் கடைக்காரருக்குப் பின்னாடி அவர் வீட்டம்மாவோட நகைக்கடன் ரசீது இருக்கு.

சரி, வடக்குத்துக்கு வருவோம். சின்ன மருந்துக்கடையோட சோறு சுகர், பிரஷர் மாத்திரையிலதான் இருக்கு. காய்ச்சல்காரர் வருஷத்துல ஒரு தடவை வருவாரு. சுகர்காரர் மாசாமாசம் வருவாரு. ஆனா எங்க ஏரியாவுல யாரு மாசாமாசம் வருவாங்கன்னு பாருங்க. என்எல்சி நிரந்தரத் தொழிலாளிக்கு டவுன்ஷிப்புல கம்பெனி ஆஸ்பத்திரி இருக்கு, மருந்து அங்கயே வாங்கிக்குவாரு. ஏழைபாழைக்கு அரசு ஆஸ்பத்திரி இருக்கு. 2021 ஆகஸ்ட்லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டு வாசல்லயே சுகர், பிரஷர் மாத்திரை குடுக்குற திட்டமும் வந்தது. நல்ல திட்டம், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. வெளியூர்ல வேலை பாக்குற என்னை மாதிரி பசங்களோட அப்பா அம்மாவுக்கு, பசங்க பெங்களூர்லேர்ந்தே ஆப்புல போட்டு விட்டுடுறோம்.

மிச்சம் யாரு? ஒப்பந்தத் தொழிலாளி, ஆட்டோக்காரர், முந்திரிக் கொட்டை உடைக்கிற அம்மா, பஸ் ஸ்டாப் பக்கத்து டிபன் கடைக்காரர். ராத்திரி பத்தரை மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல்னு ஓடி வர்றவங்க. அட்டையா வாங்கக் காசில்லாம, நாலு மாத்திரை மட்டும் கத்தரிச்சுக் குடுங்கன்னு நிக்கிறவங்க. சம்பளம் வந்ததும் தரேன்னு நோட்டுல எழுதச் சொல்றவங்க. எந்த ஆப்புலயும் நாலு மாத்திரை கத்தரிக்க முடியாது, எந்த ஆப்புலயும் கணக்கு நோட்டு கெடையாது. லாபம் வர்ற வாடிக்கை பூரா போயி, தொல்லை புடிச்ச வாடிக்கை மட்டும் கடைக்காரர் தலையில. இந்த ஜனங்களுக்கு அந்தக் கடையை விட்டா வேற போக்கிடம் இல்லை. ஷட்டர் மூடினா நஷ்டம் கடைக்காரருக்கு மட்டும் இல்ல.

போன வருஷம் நானும் ஒரு ஆப்புல (பேரு வேணாம், கேஸ் போட்டா என் சம்பளம் தாங்காது) அம்மாவோட தைராய்டு மாத்திரைக்கு ஆர்டர் போட்டேன். மூணு நாள் "வந்துகொண்டிருக்கிறது"ன்னு காட்டிட்டு, நாலாம் நாள் ஸ்டாக் இல்லைன்னு பணத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அம்மா அதுக்குள்ள தெருமுனைக் கடையில பத்து மாத்திரை வாங்கிட்டு வந்துட்டாங்க. போன வாரம் 25 குடுத்தாங்களே, இப்ப ஏன் 50 எழுதியிருக்கு, டாக்டர் மாத்திட்டாரான்னு அந்த அண்ணன் கேட்டு அனுப்பியிருக்காரு. இந்தக் கேள்விக்கு எவ்வளவு விலை? நம்ம சட்டத்துல பூஜ்யம். பத்து மாத்திரையோட லாபத்துல அதுவும் அடக்கம். அந்த லாபம் ஒரு டீக்குக் கூடப் பத்தாது.

இதுதான் இந்த அமைப்போட அடிப்படைக் கோளாறு. 10 ரூபாய் மருந்தையும் 100 ரூபாய் மருந்தையும் எடுத்துக் குடுக்க ஆகுற வேலை ஒண்ணுதான். டாக்டரோட கோழிக்கிறுக்கலைப் படிக்கணும், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு கவர் மேல கோடு போட்டுக் குடுக்கணும், வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேக்கணும். ஆனா ஒண்ணுல 1 ரூபாய் 40 காசு, இன்னொண்ணுல 14 ரூபாய். அப்புறம் கடைக்காரர் வெல கூடின பிராண்டையே தள்ளிவிடுறாருன்னு நாம பொங்குவோம். தள்ளாம என்ன பண்ணுவாரு?

இப்ப ஆதரவுக் கதைக்கு வருவோம். மருந்து வணிகர்களோட அகில இந்தியச் சங்கம் ஏஐஓசிடி, ஆன்லைன் விற்பனையை எதிர்த்து நாடு தழுவிய கடையடைப்பு நடத்தினது 2015 அக்டோபர் 14, 2017 மே 30, 2018 செப்டம்பர் 28. மூணு தடவை ஷட்டரை இழுத்து விட்டாச்சு. பலன்? 2018 ஆகஸ்ட் 28-ல மத்திய அரசு ஆன்லைன் மருந்து விற்பனைக்கு வரைவு விதி போட்டது. டிசம்பர்ல டெல்லி உயர்நீதிமன்றம் லைசென்ஸ் இல்லாத ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டது. அதே டிசம்பர் 17-ல, தமிழ்நாட்டு மருந்து வணிகர் சங்கம் போட்ட வழக்குல சென்னை உயர்நீதிமன்றத்துல நீதிபதி புஷ்பா சத்யநாராயணா, விதிகளை 2019 ஜனவரி 31-க்குள்ள அறிவிக்கணும், அதுவரைக்கும் ஆன்லைன்ல விக்கக்கூடாதுன்னு தீர்ப்பு குடுத்தாங்க. ஜனவரி முதல் வாரத்துலயே டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வச்சிடுச்சு. 2020 மார்ச்ல கொரோனாவைச் சொல்லி வீட்டு வாசல்ல மருந்து குடுக்க மத்திய அரசு தனி அறிவிப்பு போட்டது. 2023 பிப்ரவரியில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி சுமார் இருபது கம்பெனிக்கு நோட்டீஸ் விட்டாரு. 2023 நவம்பர்ல டெல்லி உயர்நீதிமன்றம் கொள்கையை முடிவு பண்ண எட்டு வாரம் கெடு வச்சது. 2024 மார்ச்ல இன்னும் நாலு மாசம். 2025 வரைக்கும் அந்த வரைவு வரைவாவேதான் கிடந்துச்சு.

நாங்க ஒரு பக்-ஐ இப்படி ஏழு வருஷம் "ஓப்பன்"லயே வச்சிருந்தா டீம் லீடு எங்களை உயிரோட விடமாட்டாரு. விதி வந்தா ஒரு பக்கத்துக்கு நஷ்டம். விதி வராம இருந்தா யாருக்கு லாபம்னு யோசிச்சுக்குங்க. சும்மா இருக்கிறதும் ஒரு கொள்கைதான். தடை போடுங்கன்னு கூட நான் கேக்கல. ஆப்பு ஆப்பாவே இருக்கட்டும், நானும் அதுல வாங்குறவன்தான், அதுக்கு வெக்கமும் இல்ல. ஆனா பக்கத்துத் தெருக்காரர் ஹெச்1 மருந்து வித்தா பேஷண்ட் பேரு, டாக்டர் பேரு, அளவு எல்லாம் பதிவேட்டுல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும், இன்ஸ்பெக்டர் வந்தா காட்டணும். இதே கண்டிப்பு வெப்சைட்டுக்கு எப்படின்னு எழுதி வைக்க ஏழு வருஷம் பத்தலையா?

இது மத்தியில. மாநிலத்துல நடந்தது வேற மாதிரி ஆதரவு: போர்டு மாட்டுறது. 2014-ல அம்மா மருந்தகம். மத்திய அரசுக்கு 2008-லேர்ந்து மக்கள் மருந்தகம், 2025 தொடக்கத்துல 15,000 கடை. 2024 சுதந்திர தின உரையில முதல்வரா இருந்து ஸ்டாலின் அறிவிச்சு, 2025 பிப்ரவரி 24-ல ஒரே நாள்ல 1,000 முதல்வர் மருந்தகம் திறந்தாரு. பார்மசி படிச்ச தொழில்முனைவோருக்கு 3 லட்சம் மானியம், கூட்டுறவுச் சங்கத்துக்கு 2 லட்சம். ஜெனரிக் மருந்து வெளி மார்க்கெட்டை விட ரொம்பக் கொறைச்சல். வாங்குற ஏழைக்கு இது பெரிய உதவி, அதை நக்கல் பண்றவன் மாசாமாசம் மருந்து வாங்கிப் பார்த்ததில்லைன்னு அர்த்தம்.

என் கேள்வி வேற. புதுசா கடை திறக்க 3 லட்சம் குடுக்கத் தெரிஞ்ச அரசுக்கு, இருபது வருஷமா திறந்திருக்கிற கடை நிக்கிறதுக்கு ஒரு பைசா குடுக்கத் தோணலையே, ஏன்? ரெண்டு பேரும் படிச்சது அதே டி.பார்ம்தான், பதிவு பண்ணது அதே பார்மசி கவுன்சில்லதான். மக்கள் மருந்தகம் வச்சவருக்கு மத்திய அரசு மாசம் 20,000 வரைக்கும் ஊக்கத்தொகை குடுத்துச்சு, மொத்தம் 5 லட்சம் வரைக்கும். அப்ப வெறும் லாப சதவீதத்துல ஜெனரிக் கடை ஓடாதுன்னு அரசுக்கே நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் மேல போட்டுக் குடுக்குது. ஆனா போர்டுல தலைவர் பேரோ திட்டத்துப் பேரோ இருந்தாத்தான். "ஸ்ரீ முருகன் மெடிக்கல்ஸ்"னு இருந்தா கெடையாது. இதுக்குப் பேரு ஆதரவா, விளம்பரச் செலவா?

2025 செப்டம்பர் 22-ல மருந்துக்கு ஜிஎஸ்டியை 12-லேர்ந்து 5 சதவீதமாக் கொறைச்சாங்க. சந்தோஷம். அன்னிக்கு அலமாரியில இருந்த சரக்கு? அது 12% கட்டி வாங்கினது. விக்கிறது 5% விலைக்கு. பெரிய கம்பெனிக்கு உள்ளீட்டு வரிக் கணக்குல வரவாவது நிக்கும். காம்பவுண்டிங்ல இருக்குற சின்னக் கடைக்கு அந்த வரவே கெடையாது. எம்ஆர்பி மதிப்புல 4 லட்சத்துக்குச் சரக்கு இருந்தா 25,000 ரூபாய் ஒரே ராத்திரியில அவுட். கம்பெனி பாத்து கிரெடிட் நோட் போட்டாத்தான் உண்டு. அன்னிக்கு வரிக் குறைப்புக்கு நன்றி சொல்லி பேனர் வைக்கத் தெரிஞ்சவங்க யாரும் இந்த 25,000-ஐப் பத்திப் பேசி நான் பாக்கல.

இப்ப நீங்க கேப்பீங்க: அந்தக் கடைக்காரங்க மட்டும் யோக்கியமா? இல்ல. சீட்டு இல்லாம ஆன்டிபயாட்டிக் குடுக்குறாங்க. சர்டிஃபிகேட்டைச் சுவத்துல மாட்டிட்டு, அதுக்குச் சொந்தக்காரர் வேற ஊர்ல வேற வேலை பாக்குற கடைங்க உண்டு. சங்கமும் சொக்கத் தங்கம் இல்ல. எங்ககிட்ட தடையில்லாச் சான்று வாங்காம ஸ்டாக்கிஸ்ட் போடக்கூடாதுன்னு கம்பெனிகளைக் கட்டிப் போட்டதுக்காக 2013-ல போட்டி ஆணையம் ஏஐஓசிடிக்கு அபராதம் போட்டது. அது சரியான தீர்ப்புதான். அதே கடைக்காரர் இன்னிக்கு சுதந்திரப் போட்டி அநியாயம்னு சொன்னா சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆனா இந்தத் தப்புங்க எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. சர்டிஃபிகேட் வாடகை ஏன்? முழுநேர பார்மசிஸ்டுக்குச் சம்பளம் குடுக்க லாபம் பத்தாது. சீட்டில்லாம மருந்து ஏன்? இல்லைன்னு சொல்லி அனுப்புறதுக்கு யாரும் காசு குடுக்கிறதில்ல, குடுத்து அனுப்புனா 14 ரூபாய். தப்பு பண்ணா லாபம், தப்பு பண்ணாம இருந்தா நஷ்டம்னு நாமளே கோட் எழுதி வச்சுட்டு, அவுட்புட்டைப் பார்த்துத் திட்டிட்டிருக்கோம்.

வெளிநாட்டைப் பாருன்னு சொன்னா சிலருக்குக் கோவம் வரும், பரவால்ல. இங்கிலாந்துல மருந்து விலை வேற, குடுக்குற கூலி வேற. ஒரு மருந்தை எடுத்துக் குடுத்தா ஐட்டத்துக்கு ஒரு பவுண்டுக்கு மேல கூலி. 2024 ஜனவரி 31-லேர்ந்து தொண்டைவலி, காதுவலி மாதிரி ஏழு உபாதைக்கு டாக்டர்கிட்ட போகாம பார்மசிஸ்டே பார்த்து மருந்து குடுக்கலாம். தொடக்கத்துல ஒரு ஆலோசனைக்கு 15 பவுண்டு அரசு குடுத்துச்சு. அங்கயும் கடைங்க மூடுது, காசு பத்தலைன்னு 2024-ல விளக்கை அணைச்சுப் போராடினாங்க, நேரத்தைக் குறைப்போம்னு ஓட்டுப் போட்டாங்க. 2025 மார்ச்ல அரசு எறங்கி வந்து 2025-26-க்கு 307 கோடி பவுண்டுன்னு ஒத்துக்கிச்சு. அவங்க சண்டை கூலி எவ்வளவுங்கிறதுல. நம்ம ஊர்ல கூலின்னு ஒண்ணு இருக்கணும்கிறதே இன்னும் சண்டைக்கு வரல.

நம்மூர்ல முடியாதா? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-லேர்ந்து மொத்தமா மருந்து கொள்முதல் பண்ணி ஊர் ஊருக்கு அனுப்புது. மத்த மாநிலங்கள் வந்து பார்த்துக் கத்துக்கிட்டுப் போன அமைப்பு. மருந்து அரசோடது, கடை மட்டும் தெருமுனைக் கடை. சுகர், பிரஷர் பேஷண்ட் அவருக்குப் பக்கத்துக் கடையிலேயே அரசு மாத்திரையை இலவசமா வாங்கிக்கட்டும். மாசத்துக்கு ஒரு தடவை அங்கயே பிரஷர் பார்த்துப் பதிவு பண்ணட்டும். ஒரு ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னு கூலி கடைக்கு. பார்மசிஸ்ட் நேர்ல இருந்து கையெழுத்துப் போட்டாத்தான் கூலி, வாடகை சர்டிஃபிகேட்டுக்குக் கெடையாது. சாஃப்ட்வேர் வேணும்னா சொல்லுங்க, ரெண்டு சனி ஞாயிறுல நானே எழுதித் தரேன் :-)

காசு எங்கேர்ந்துன்னு கேக்குறவங்களுக்கு: 1,000 கடைக்கு மானியம் வந்த அதே எடத்துலேர்ந்துதான்.

எங்க தொகுதிக்குள்ள ஓட்டு கேட்டு அடுத்து யாரு வந்தாலும் என் கேள்வி ரெடி. மருந்து வணிகர்களுக்கு ஆதரவா இருக்கீங்களான்னு கேக்க மாட்டேன், எல்லாரும் ஆமாம்னுதான் சொல்லுவாங்க. பத்து மாத்திரை எடுத்துக் குடுத்து, டோஸ் மாறியிருக்கேன்னு கேட்டு அனுப்புற ஆளுக்கு எத்தனை ரூபாய் குடுப்பீங்க? அது எந்த ஜி.ஓ.வுல வரும்?

டிஸ்கி 1: எனக்கோ என் சொந்தக்காரங்களுக்கோ மெடிக்கல் கடை கெடையாது. மாமா ஒருத்தர் ஹார்டுவேர் கடை வச்சிருக்கார், அது வேற சோகம்.

டிஸ்கி 2: கணக்குல தப்பு இருந்தா பின்னூட்டத்துல வந்து போட்டுத் தாக்குங்க. 16%-ஐ எம்ஆர்பி மேல போட்டுட்டு வராதீங்க, அது வாங்குற விலை மேலன்னு மேலயே சொல்லிட்டேன்.